பால் விட்ட பச்சைத் தேயிலை

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் யூமிக்குச் சொந்த ஊர் ஜப்பானில் ஒரு மலைக்கிராமம். விடுமுறைக்குப் போய் வந்தவள், தன் அப்பா இரும்புச் சட்டியில் வறுத்த பச்சைத் தேயிலையில் ஒரு சின்னப் பை எனக்குத் தந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உபசரிப்பில் குறை இருக்கக் கூடாதென்று பை முழுவதையும் கொட்டி, பால் விட்டு, சீனி போட்டு, இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

குசினிக்குள் எட்டிப் பார்த்த கணவர், "என்னப்பா இது, பாசி பிடிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு?" என்றார்.

"பேசாமல் குடியுங்கோ. ஜப்பான் தேத்தண்ணி அப்பிடித்தான்."

யூமி கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, ஒரு சின்னக் கரண்டித் தேயிலையில் ஊற்றித் தந்தாள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. வறுத்த கடலைபோல மணத்தது. நான் செய்த வேலை அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது.

"அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று டெனிஷில் கேட்டேன்.

சிரித்தாள். "நான் கொண்டுபோன டெனிஷ் சீஸை அப்பா மீன் சூப்புக்குள்ள போட்டுக் காய்ச்சினவர். அதையும் குடிச்சனான்."

முகம் சுளிக்காமல் அவள் குடித்து முடித்த அந்தக் கோப்பைக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. யார் வீட்டில் எதைத் தந்தாலும் இப்போது நான் மிச்சம் வைப்பதில்லை.