சப்பரம் இரண்டாம் சுற்று வந்த தெரு

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஊர்களைப் பார்க்கலாம் என்று சாத்தூரில் நகரப் பேருந்து ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்சீட்டு மீசைக்காரர் ஒருவர், "எல்லாம் ஓசி" என்று முணுமுணுத்தார். என் பக்கத்தில் இருந்த பெண் விடவில்லை.

"ஓசிதாண்ணே. வீட்ல மூணு வேளையும் பொங்கிப் போடுறோமே, அதுக்கு என்னைக்காச்சும் டிக்கெட் கிழிச்சிருக்கோமா?"

பேருந்தே சிரித்தது. அவர் பெயர் முத்துலட்சுமி, பட்டாசு கம்பெனித் தொழிலாளி. அன்று அவர் ஊரில் அம்மன் பொங்கல் என்பதால் விடுமுறை. மடியில் ஒரு பை நிறையத் தேங்காய்.

அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து அம்மாவின் போன். பேருந்து இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டேன். அடுத்த மாதம் தம்பிக்கு நிச்சயதார்த்தம். "சீர்த்தட்டை உன் அத்தை தூக்கட்டும். அப்பா போனப்புறம் நான் முன்னால நின்னா நல்லாருக்காதுடி." எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன்.

முத்துலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "யக்கா, அப்ப நீங்க இன்னைக்கு எங்க ஊருக்கு வந்தே ஆகணும்" என்றார். என் பயணத் திட்டம் அதோடு காலி.

ஊரின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அச்சங்குளம் தாண்டி, கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் வெடிமருந்து அறைகளைக் கடந்தால் வரும். வேலிக்கருவையும் வெயிலும்தான் பஞ்சமில்லாத சரக்கு.

பகல் பன்னிரண்டு மணி. முத்துலட்சுமி என்னைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். கிழக்குத் தெருவின் முதல் வீடு, பஞ்சவர்ணத்தின் வீடு. கணவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனித் தீயில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள்.

ஊர் வழக்கத்தை அவரே சொன்னார். பொங்கலன்று சாயங்காலம் அம்மன் சப்பரம் தெருத் தெருவாக வரும். ஆண் இருக்கிற வீட்டு வாசலில் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், வீட்டுக்காரர் ஒரு வாணம் விடுவார். ஆண் இல்லாத வீட்டில் சப்பரம் நிற்காது. மகன் தலையெடுத்தால் மறுபடி நிற்கும். இவருக்கு இரண்டும் பெண் என்பதால் இனி எப்போதும் நிற்காது.

"பிள்ளைகளை நான் படிக்க வைக்கேன். ஊருக்குள்ள நல்லது கெட்டதுன்னா மொத ஆளா நிக்கேன். ஆத்தா கண்ணுக்கு மட்டும் என் வாசல் தெரியலையாக்கும்?" குரலில் கோபம் நன்றாகவே இருந்தது. "அம்புட்டு வாணத்துக்கும் குழாய் ஒட்டுறது என் கைதான். ஒண்ணுக்குக்கூட நான் திரி பத்த வச்சதில்லக்கா."

ஊர்க்கூட்டத்தில் கேட்டாராம். "வழக்கம் இல்லை" என்று முடித்துவிட்டார்களாம்.

"பாப்போம்" என்று முத்துலட்சுமி கண்ணடித்தார்.

மாலை ஆறு மணி. மேளச் சத்தத்தோடு சப்பரம் தெருவுக்குள் நுழைந்தது. எட்டுப் பேர் தோளில் சுமந்து வந்தார்கள். பஞ்சவர்ணம் தட்டும் கையுமாக வாசலில் நின்றார். சப்பரம் நிற்கவில்லை. தூக்கி வந்த பையன்கள் தலையைக் குனிந்துகொண்டே கடந்து போனார்கள்.

அடுத்தது முத்துலட்சுமி வீடு. கதவு சாத்தியிருந்தது. படியில் அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, தட்டு எங்க?" என்றார் சப்பரத்தோடு வந்த நாட்டாமை.

"பஞ்சவர்ணம் வாசல்ல நின்னுட்டு வரட்டும் சின்னையா. பெறகு எடுக்கேன்."

நாட்டாமை, பக்கத்தில் நின்ற முத்துலட்சுமியின் புருஷனைப் பார்த்தார். அந்த மனுஷன் பரிதாபமாகக் கையை விரித்தார். "தேங்காயை எங்கன ஒளிச்சு வச்சாளோ, எனக்குத் தெரியாது சின்னையா!"

மூன்றாம் வீட்டிலும் தட்டு இல்லை. நான்காம் வீட்டிலும் இல்லை. ஒரே வேனில் வேலைக்குப் போகிற பெண்கள், வேனிலேயே பேசி முடித்திருக்கிறார்கள். அடேயப்பா! தெரு முழுக்க ஒரு தேங்காய்கூட உடையவில்லை.

ஆத்தா வெறுங்கையோடு போனால் ஊருக்கு ஆகாது. சப்பரம் வந்த வழியே திரும்பவும் கூடாது. அப்படியானால் ஊரையே இன்னொரு முறை சுற்றித்தான் இந்தத் தெருவுக்கு வர முடியும். தெருமுனையில் நாட்டாமை துண்டால் முகத்தைத் துடைத்தார். மேளம் நின்றுவிட்டது.

"முடிவாச் சொல்லுங்க சின்னையா, தோள்பட்டை கழண்டுரும்" என்றான் முன்னால் தூக்கியிருந்தவன்.

ஊருக்குச் சம்பந்தமில்லாத நான் எல்லாச் சாமிகளையும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

"சுத்தி வாங்கலே!" என்றார் நாட்டாமை.

வானம் இருட்டத் தொடங்கியபோது சப்பரம் மறுபடி வந்தது. முதல் வீட்டில் நின்றது. "சீக்கிரம் தட்ட நீட்டு தாயி, பயலுக விழுந்துருவானுக" என்று நாட்டாமையே சொன்னார். மகள்கள் தட்டைப் பிடிக்க, பஞ்சவர்ணம் ஊதுபத்தியைத் திரியில் வைத்தார். வாணம் சீறிக்கொண்டு போய்ச் சிவப்பும் பச்சையுமாக விரிந்தது. தெருவே குலவையிட்டது.

பஞ்சவர்ணம் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் ஒட்டியிருக்கேன், என்னக்கா?"

மறுநாள் காலை சாத்தூர் பேருந்தில் உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு நீதான் தூக்குற. நீ தூக்கலைன்னா நம்ம வீட்டுப் பொம்பளைங்க யாரும் ஒரு தட்டையும் தொட மாட்டோம்."

"ஐயய்யோ, ஊர் என்னடி சொல்லும்?"

"ஊர் ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும்மா. நாம வாசல்லயே நிப்போம்."