வலது இடுப்பில் குத்திய எண்

ட்ரெவர் ஆக்ராய்ட் பத்தொன்பது வருடம் நான்காம் பிரிவில் சைக்கிள் ஓட்டினார். அதற்குக் கீழே பிரிவு கிடையாது. பந்தயத்தில் முதல் பத்துப் பேருக்குப் புள்ளி உண்டு. ஜெயித்தவருக்குப் பத்து, அப்படியே இறங்கிப் பத்தாவது ஆளுக்கு ஒன்று. ஒரே வருடத்துக்குள் பன்னிரண்டு சேர்ந்தால் மூன்றாம் பிரிவு. சேராவிட்டால் டிசம்பர் முப்பத்தொன்றோடு எல்லாம் அழிந்துவிடும். ஜனவரியில் மறுபடி பூஜ்யம். துடியான இளவட்டங்கள் ஒரு மாதத்தில் தாண்டிப் போவார்கள். ட்ரெவர் முதல் பதினெட்டு வருடத்தில் ஏழுக்கு மேல் சேர்த்ததில்லை.

பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற வேலை அவருக்கு. சைக்கிளையும் அப்படித்தான் ஓட்டுவார். கூட்டத்துக்கு நடுவில், ஐந்தாறு பேர் முதுகுக்குப் பின்னால், காற்றுப் படாமல். விழுந்ததே இல்லை. யாரையும் விழவைத்ததும் இல்லை. கடைசி வளைவு திரும்பியதும் எல்லாரும் எழுந்து மிதிப்பார்கள்; அவரும் மிதிப்பார்; பன்னிரண்டாவதாகவோ பதினைந்தாவதாகவோ வருவார்.

பத்தொன்பதாவது வருடம் எப்படியோ ஒன்பது புள்ளி சேர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த சனி, ஞாயிறு இரண்டு பந்தயம்தான் பாக்கி. ஜனவரியில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று எங்கள் சைக்கிள் கிளப்பில் சொல்லியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி ரோஸலினுக்கு வந்திருக்கும் மறதிக்கு மார்ச்சிலேயே டாக்டர் பெயர் சொல்லிவிட்டார். அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் தெருவை மறந்தாள். இனி அவளைத் தனியே விட முடியாது.

எங்கள் தடம் கால்வாய்க்கு மேலே, விளையாட்டு மைதானத்தின் பின்னால் இருக்கிறது. ஒரு மைல் தார் வளையம். வளையத்துக்கு உள்ளே, தலைமை நடுவர் மால்கம் உட்காரும் பழைய கேரவன் வண்டி. அதன் வாசலில் சுற்றுப் பலகையைத் திருப்பி மணி அடிப்பது என் வேலை. ஓட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு துணி எண். நடுவர் படிக்கும்படி அதைக் கேரவன் இருக்கும் பக்கமாக இடுப்பில் குத்திக்கொள்ள வேண்டும். எத்தனையோ வருடமாக வலஞ்சுற்றாகத்தான் ஓட்டினார்கள். எண் வலது இடுப்பில். அந்தக் குளிர்காலத்தில் கீழ்வளைவில் தண்ணீர் கசிந்து உறைந்தது. இறக்கத்தில் அதற்குள் பாய வேண்டாமென்று திசையை மாற்றினார்கள். எண் இடது இடுப்புக்குப் போனது.

ரோஸலின் அவருக்கு எண் குத்தாத பந்தயம் குறைவு. எல்லாரும் நாலு ஊசி போடுவார்கள். அவள் எட்டு போடுவாள். காற்றில் துணி படபடக்காது. இலையுதிர் காலத்தோடு அவள் தடத்துக்கு வருவது நின்றுபோனது. மகள் கெரி வீட்டில் கூட இருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆட்ரியன்தான் அவருக்கு எண் குத்தினான். ஆட்ரியன் எங்கள் கிளப்பில் ஓட்டுகிற கொத்தனார், முப்பது வயது.

“மூச்ச உள்ள இழு, ட்ரெவ். ஊசி தொப்பைல பட்டா காத்து போயிடும்.”

“பேசாம குத்து. இடது பக்கம்.”

“தெரியும்பா. மால்கம் கத்துன கத்துல கால்வாய் வாத்துக்கே தெரியும். இன்னிக்காவது முன்னாடி வருவியா, இல்ல என் முதுகப் பாத்துக்கிட்டே பென்ஷன் வாங்கிடுவியா?”

“உன் முதுகு அகலம். பின்னாடி இருந்தா மழைகூடப் படல.”

அன்று ஆலங்கட்டி கலந்த மழை. நாற்பது பேர் கிளம்பி இருபத்தாறு பேர் முடித்தார்கள். ட்ரெவர் ஒன்பதாவது. இரண்டு புள்ளி. பதினொன்று ஆயிற்று. மைதானத்துக் கூடத்தில் ஆட்ரியன் நாற்காலி மேல் ஏறி நின்று, “நாளைக்குப் பத்தாவது வந்தாப் போதும்! கிழவன் மூணாம் பிரிவு!” என்று கத்தினான். ட்ரெவர் கையுறையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். விரல்கள் நீலமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கெரியை ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ட்ரெவர் ரோஸலினை அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல கோட்டு, பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கூடத்தில் என்னைப் பார்த்ததும், “பாலின், உன் முட்டி எப்படி இருக்கு?” என்றாள். பாலின் அவளுடைய அக்கா. இறந்து ஆறு வருடம் ஆகிறது. தேவலை என்றேன். டீயும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் கொடுத்தேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பார்த்தபடி இருந்தாள்.

ஆட்ரியன் எண்ணோடு வந்தான். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“குடு இங்க. நீ குத்தினா கொடி மாதிரி ஆடும்.”

அவன் கொடுத்துவிட்டான். அவள் ட்ரெவரைத் திருப்பி நிறுத்தினாள். “குனி. இன்னும். சைக்கிள்ல எப்படிக் குனிவியோ அப்படி.” துணியின் ஓரத்தை மடித்து, முதல் ஊசியை வலது இடுப்பில் குத்தினாள். ஆட்ரியன் வாயைத் திறந்தான். ட்ரெவர் குனிந்தபடியே அவனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். எட்டு ஊசி. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. முடித்ததும் அவர் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, “போ, ஜெயிச்சிட்டு வா” என்றாள். பழைய ரோஸலினேதான்.

வாசலில் அவரைப் பிடித்தேன். “டாய்லெட்டுக்குப் போ. ஆட்ரியன் மாத்திக் குத்துவான். ரெண்டு நிமிஷம்.”

“இறங்கினதும் அவதான் கழட்டுவா, மேவிஸ். எங்க குத்தினோம்னு கை தேடும்.”

“மால்கமுக்கு எண் தெரியாது. தெரியலன்னா இடம் கிடையாது.”

“தனியா வந்தா தெரியும். அப்ப முகத்தப் பாத்தே எழுதிக்குவார்.”

“நீயா? தனியாவா?”

“நான்தான்” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தொடக்கக் கோட்டில் போய் நிற்கும்வரை ட்ரெவர் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. மால்கம் கவனிக்கவில்லை. இருபது சுற்று. பலகையில் மூன்று காட்டியபோது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டு போனார். தலையைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, எதிர்காற்றில். பத்தொன்பது வருடத்தில் ட்ரெவர் முன்னால் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்தவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அதனாலேயே இடைவெளி விழுந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது இருநூறு மீட்டர் இருக்கும். கேரவனுக்குப் பக்கத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ரோஸலின், “யாரது, நல்லா ஓட்டறாரே?” என்று என்னைக் கேட்டாள்.

கடைசி வளைவில் அவர் தோள்கள் ஆட ஆரம்பித்தன. முடிவுக் கோட்டுக்கு நூறு மீட்டரில் கூட்டம் அவரை விழுங்கியது. எல்லாரும் ஒரு குவியலாகக் கடந்தார்கள். நான் மணிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன்: எட்டாவது சக்கரம் அவருடையது. சந்தேகமே இல்லை.

மால்கம் எண்களைப் படித்துக்கொண்டே வந்து நின்றார். “எட்டாவது உங்க கிளப் சட்டை. எண்ணக் காணோம். உங்க ஆளுங்க மூணு பேரு ஓட்டினாங்க. யாரு?”

சொந்தக் கிளப் ஆளுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுமுன், கால் மணி நேரத்துக்குள், ஓட்டியவரே வந்து சொல்ல வேண்டும். “கால் மணி நேரத்துல அவரே வருவார்” என்றேன்.

போய்ச் சொன்னேன். ட்ரெவர் கூடத்துச் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். ரோஸலின் அவருடைய கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டே கேரவனுக்கு வந்தார். மால்கம் அவர் இடுப்பைப் பார்த்தார்.

“ஏம்பா, திசை மாத்தி ஒரு மாசம் ஆச்சு. நேத்து சரியாத்தான இருந்துது? இன்னிக்கு யாரு குத்தினது?”

மால்கம் கண்டிப்பான ஆள், கெட்டவர் இல்லை. நடந்ததைச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். என்னைப் பார்த்தார். நான் ட்ரெவரைப் பார்த்தேன்.

“நான்தான் குத்திக்கிட்டேன்” என்றார் ட்ரெவர். “பழைய ஞாபகத்துல.”

ரோஸலின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

“எத்தனை வருஷமா ரேஸ் ஓட்டற? எண் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதா உனக்கு? என்கிட்டக் குடுத்திருந்தா நான் குத்தியிருப்பேன்ல?”



“சொல்லியும் கேக்கலன்னா நான் என்ன பண்றது” என்று மால்கம் பேனாவை எடுத்தார். ஒன்பதாவதாக வந்தவர் எட்டாவது ஆனார்.

கார் நிற்கும் இடம்வரை பின்னாலேயே போனேன். “இப்பவும் நேரம் இருக்கு. அவளுக்கே ஞாபகம் இல்ல. யாருக்காக மறைக்கிற?”

“மால்கம்கிட்டச் சொன்னா அவர் நல்ல மாதிரியாத்தான் பேசுவார். அவளப் பாத்து மெதுவா, குழந்தைகிட்டப் பேசற மாதிரி.” முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் வைத்தார். “டிப்போல, கடைல, எல்லாரும் இப்ப அப்படித்தான் பேசறாங்க. இங்க இன்னும் யாரும் பேசல.”

அவள் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து, எங்கே மாட்டுவதென்று தேடினாள். அவர் குனிந்து மாட்டிவிட்டார்.

“எத்தனாவது வந்த?”

“எட்டாவது.”

“பரவால்லயே.”

“ஆமா, ரோஸ்.”

கார் போனது. அடுத்தது மூன்றாம் பிரிவுப் பந்தயம். ஓட்டுகிறவர்கள் ஏற்கெனவே கோட்டில் வந்து நின்று குளிரில் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். மால்கம் என்னைக் கூப்பிட்டார். பலகையை முப்பதுக்குத் திருப்ப வேண்டும். விரல் மரத்துப் போயிருந்தது. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் திரும்பியது.