மாமன் சீரில் வந்த கேன்வாஸ் ஷூ

நாச்சிமுத்து மாமா போய்விட்டார் என்று அத்தை தொலைபேசியில் சொன்னதும், "வலி ஏதும் இருந்துச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்ல கண்ணு, காப்பி குடிச்சுப்போட்டுச் சாஞ்சாரு, அவ்வளவுதான்" என்றார். அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது.

மதுக்கரையில் அவருடைய சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். பேச்சு கம்மி, கேலி ஜாஸ்தி. என் அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளில் அவர் எனக்காகச் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தேன். பெரியவளானதும், "இனி ஆட்டமெல்லாம் போதும்" என்று அப்பா முடித்துவிட்டார். பீளமேட்டில் போட்டிக்கு மூன்று வாரமே இருந்தது. சோறு தின்னாமல் அழுதேன். அம்மாகூட எனக்காகப் பேசவில்லை.

எங்கள் பக்கம் பெண் பெரியவளானால் நடத்தும் திரட்டிச் சீருக்குத் தாய்மாமன்தான் தட்டு கொண்டு வர வேண்டும். வந்தார். சேலை, பூ, தேங்காய், பழம். நடுவில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. மங்கலத் தட்டில் காலில் போடுவதை வைத்தவரை எங்கள் சனம் அதுவரை கண்டதில்லை.

"ஏனுங் மாப்ள, என்ன கூத்துங்க இது? எடுங்க அதை" என்றார் அப்பா.

"மாமன் சீருங்க மச்சான். திருப்பி அனுப்பறதுன்னா மொத்தத் தட்டையும் அனுப்பிப்போடுங்க."

மாமன் சீரைத் திருப்பினால் உறவே அறுந்துபோகும். அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் அப்பா என்ன செய்வார்? "செரி, யாரு கூட்டிக்கிட்டுப் போறது?" என்றார்.

"கடைய மூடிப்போட்டு நான் போறனுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்: "ஒரு சைஸ் பெருசா இருக்குதேடா தம்பி."

பீளமேட்டில் அரையிறுதியிலேயே தோற்றோம். இனி அனுப்பவே மாட்டார்கள் என்று விம்மினேன். "தோத்ததுக்கு அழுவு அம்மணி. ஊட்டுக்குப் பயந்து அழுவாத, அதை நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் என்னோடு பஸ் ஏறி வந்தது அப்பா.

போன பொங்கலுக்குத்தான் கேட்டேன், அவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று.

"தைரியமா? மச்சான் எட்டி உதைச்சா என்ன பண்றதுன்னு வேர்த்துக் கொட்டுச்சு அம்மணி. தட்டை விட்டா கை நடுங்கறது தெரிஞ்சு போகும்னு கெட்டியாப் புடிச்சுட்டே நின்னேன்."

நல்லவேளை, கேட்டுவிட்டேன். பயந்துகொண்டே எனக்காக நின்றீர்களே மாமா, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.