காருக்கு இட்ட விபூதி

மகளின் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரமே இருந்தது. மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் ஏற்றி வந்த என் கார் அடையாறு பாலத்தருகே ஆவி கக்கி நின்றது. ரேடியேட்டர் விசிறி சோம்பலாகச் சுற்றியது. "ரேடியேட்டர் பூட்ச்சி நைனா, டாக்சி புட்ச்சிக்கினு போ" என்றார் எதிர்க்கடை மெக்கானிக். சம்பந்தி முகத்தைச் சுளித்தார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் மாவு மில் பெல்ட்டோடு வளர்ந்தவன். எஞ்சினை அணைத்து, விசிறியைச் சுழற்றும் பெல்ட்டைத் தொட்டேன், வழுக்கியது. கீச்சென்று கத்துகிறதே என்று காலையில் விளக்கெண்ணெய் தடவியது நானேதான்! வேட்டி நுனியால் துடைத்து, மிச்ச எண்ணெயை உறிஞ்ச மடியிலிருந்த கோயில் விபூதியை அழுத்தித் தேய்த்தேன். சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினால் விசிறி சீறிச் சுற்றியது.

"இன்னா நைனா, காருக்கே பட்டை போட்டுட்டியே!" என்றார் மெக்கானிக். சம்பந்தியே சிரித்துவிட்டார். நல்ல நேரத்தில் தாலி ஏறியது.

இப்போது பெல்ட் கத்தினால் இறுக்குகிறேன், எண்ணெயைத் தொடுவதில்லை. விபூதி மட்டும் காரில் எப்போதும் உண்டு.