ஏழாம் நம்பரும் பூங்காவனமும்

சேவூர் தசரதன் பிடிவாதக்காரன். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தும் தறியில் உட்கார மாட்டேன் என்று கிளம்பிப் போய், தாம்பரம் ரயில் ஷெட்டில் ஃபிட்டர் ஆனவன். மீட்டர்கேஜில் ஓடிய பழைய மின்சார எஞ்சின்களில் ஏழாம் நம்பர் அவன் பொறுப்பு. வாரத்தில் ஆறு நாள் அதனோடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆரணிக்கு வந்து பெண்டாட்டியோடு. அந்த ஒரு நாளும் வாயைத் திறந்தால் ஏழாம் நம்பர் புராணம்தான்.

"இன்னாங்க, எனக்கு ஒரு சக்களத்தியை வெச்சுகினு மூஞ்சியைக்கூட காட்ட மாட்டேங்கிறீங்களே" என்பாள் பூங்காவனம்.

காட்ட வருஷத்துக்கு ஒரே நாள்தான் உண்டு. ஆயுத பூஜையன்று ஷெட்டுக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலை கொடுப்பார்கள். ஆனால் தறிக்கும் அன்றைக்குத்தானே பூஜை! தறியில் உட்காருகிறவர் கையால்தான் அதற்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அங்கே உட்கார்ந்து பட்டு நெய்கிறவள் பூங்காவனம். இப்படி அவன் அங்கே, அவள் இங்கே என்று இருபத்திரண்டு பூஜை ஓடிப்போனது. ஒரு வருஷமாவது யாராவது விட்டுக்கொடுத்திருக்கலாம். எஞ்சின் எங்கே போகப்போகிறது, பெண்டாட்டி எங்கே போகப்போகிறாள் என்கிற அலட்சியம்தான், வேறென்ன?

பிறகு அகலப் பாதை வந்தது. பழைய எஞ்சின்களுக்கு உதிரி சாமான் வருவது நின்றது. பெரிதாகப் பழுதானதை ஓரங்கட்டினார்கள். இருபதில் நாலைந்துதான் மிச்சம் என்று தசரதன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பூங்காவனம் தறியை விட்டு எழுந்து வந்தாள்.

"நம்ம பொண்ணு ஜெயப்ரியாவும் இப்ப நெய்யறாளே, இந்த வருஷம் அவ பொட்டு வெக்கட்டும். நான் வந்துடறேன். ஆனா அது ஓடிகினு இருக்கணும். செத்துக் கிடக்கிறதைப் பார்க்க நான் வர மாட்டேன்."

அன்றிலிருந்து அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. ஓரங்கட்டிய எஞ்சின்களில் ஏறி, அதிலொன்று இதிலொன்று கழற்றி வந்து ஏழாம் நம்பருக்கு மாட்டினான். பூஜை வரைக்கும் தாக்குப்பிடி தாயே என்று அதனிடமே கெஞ்சினான்.

ஆவணியில் ஒருநாள் பூங்காவனத்துக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். தகவல் வந்தபோது தசரதன் ஏழாம் நம்பருக்கு அடியில் படுத்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தான்.

துக்க வீட்டில் அந்த வருஷம் பூஜை இல்லை. ஏழாம் நம்பர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மறுவருஷம் ஆடியில் அதையும் கழித்துக் கட்டினார்கள். மோட்டாரை இறக்கியவனும் அவன்தான். அப்போது அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, வீட்டில் இருந்தான். ஜெயப்ரியா தறியைத் துடைத்துப் பூச்சரம் சுற்றியிருந்தாள். சும்மா நிற்காமல், வழக்கத்தையும் மறந்து, குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தறிப்பக்கம் போனான் தசரதன்.

"இருப்பா, மொதல்ல இதுக்கு" என்று சாமி மாடத்திலிருந்து எதையோ எடுத்து வந்தாள் மகள்.

கட்டைவிரல் அளவுக் கரித்துண்டு. ஏழாம் நம்பரின் மோட்டாரில் தேய்ந்துபோய்க் கழித்த கார்பன் பிரஷ். கல்யாணமான புதிதில், "இது தேயத் தேயத்தான் வண்டி ஓடும்" என்று சொல்லி அவன் பூங்காவனத்துக்குக் கொடுத்தது. என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தான். சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, கறுப்பே தெரியவில்லை.

"அம்மா வருஷா வருஷம் உன் எஞ்சினுக்கு மொதல் பொட்டு வெச்சுட்டுத்தான் தறிகிட்டயே போவாங்க."

தசரதன் அதைக் கையில் வாங்கினான். ஷெட்டில் மாலை போட்ட இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது இந்தத் தறியை நினைத்தோமா என்று யோசித்துப் பார்த்தான். அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

குங்குமக் கிண்ணத்தை மகளிடம் நீட்டினான். "நீயே வெச்சுடும்மா. எனக்கு அந்த யோக்யதை இல்ல."