வடகரைச் சிவப்புத் துணியும் என் கட்டைவிரலும்

பழைய துணிகளைப் படம் எடுத்து, அதில் ஏற்றிய இயற்கைச் சாயம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று சொல்வது என் தொழில். தென்காசியில் பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொன்னதும், "ஸ்டூடியோ வச்சிருக்கியளா?" என்றார்கள். எனக்குக் கோபமான கோபம்.

வடகரையிலிருந்து ஓர் அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். போலீஸில் இருந்து ரிட்டயரானவர். அவர் வீட்டில் சாயவேரில் சிவப்பேற்றிய பழைய துணி ஒன்று உண்டு. அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஒரு நாள் மட்டும் அம்மனுக்குப் பின்னால் திரையாகக் கட்டுவார்கள். இந்த வருஷமும் கட்டலாமா, சாயம் போய்விடுமா என்பதுதான் கேள்வி. "எங்க அப்பா கட்டுனது, நான் கட்டுனது. நீங்க கூடாதுன்னா கட்டல சார்" என்றார்.

நான் குற்றாலத்தில் குளித்துவிட்டு, செங்கோட்டை ரோட்டில் பரோட்டாவும் கோழிச் சால்னாவும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனேன். கையைக் கழுவத்தான் செய்தேன். சாரல் ஈரத்தில் கையுறை நசநசவென்றிருந்ததால் கழற்றிப் போட்டுவிட்டேன். துணியை விரித்து, ஜன்னல்களைச் சாத்தி, கண்ணுக்குத் தெரியாத சாயத்தையும் மின்ன வைக்கும் புற ஊதா விளக்கைப் போட்டுப் படம் எடுத்தேன். ஓரத்தில் பளிச்சென்று நாலைந்து மஞ்சள் பொட்டுகள்.

மஞ்சள் சாயம் வெளிச்சம் பட்டால் முதலில் ஓடிப்போகும். அது இத்தனை காலம் தங்கியிருப்பது அபூர்வம். மனசுக்குள் கட்டுரை எழுதி, மேடையேறி, பொன்னாடையும் போர்த்திக்கொண்டேன். "இனிமே இத வெளிச்சத்துக்கே கொண்டுவரக் கூடாது அண்ணாச்சி" என்றேன். அவருக்குத் துணியை மடிக்கவே கை வரவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் என் சந்தோஷம் எனக்கு.

"அந்தப் படத்த ஒருக்கா பாக்கலாமா?"

லேப்டாப்பைத் திருப்பினேன். பெரிதாக்கச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சர்வீஸ் முழுக்கத் தான் இருந்தது கைரேகைப் பிரிவில் என்று அப்போதுதான் சொன்னார்.

"இது பொட்டு இல்ல சார். ரேகைல்லா ஓடுது. இந்தப் பெருசு கட்டைவிரல். உங்க கைய இங்கன நீட்டுங்க."

ஊதா விளக்கில் என் நகக்கண்ணிலெல்லாம் சால்னா மஞ்சள் மின்னியது. வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். படித்த படிப்பு, பொன்னாடை எல்லாம் போச்சு. கையுறை போட்டுக்கொண்டு மறுபடி முழுத் துணியையும் பார்த்தேன். சிவப்பு கெட்டியாகத்தான் இருந்தது. ஒரு நாள் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்.

"இந்த மஞ்சக் கறை எப்பம் போகும்?"

"வெளிச்சம் பட்டா போயிரும் அண்ணாச்சி."

"அப்பம் கொடைக்குக் கட்டியே ஆகணும்னு எழுதிக் குடுங்க" என்று பேனாவை நீட்டினார்.