சுரண்டிய புள்ளிகள்

ஓய்வுபெற்ற என் கணவர் கிற்றார் வாங்கியிருக்கிறார். அதன் கழுத்தில், விரல் அழுத்த வேண்டிய இடங்களில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கில் வள்ளத்துப் பெயின்ற் மணம் ஏறியது.

அறுபதுகளில் எங்கள் வீடு முல்லைத்தீவுக் கடற்கரையில். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்றால் அண்ணன் தன் கிற்றாரில் புள்ளி வைத்திருந்தான். அவன் கடலுக்குப் போனதும் அந்தப் புள்ளிகளைப் பார்த்து நான் வாசிப்பேன். ஒருநாள் பிடிபட்டேன்.

"எடியே, பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கிற்றார்? இனி வாசி பாப்பம்!"

மீன் வெட்டும் கத்தியால் எல்லாப் புள்ளிகளையும் சுரண்டினான். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, "நல்லா வேணும் அவளுக்கு" என்றாள்.

சுரண்டிய இடங்களில் மரம் சொரசொரத்துக் கிடந்தது. வலையின் கிழிசலைத் தடவியே கண்டுபிடிக்கும் விரல்கள் எனக்கு. கண்ணை மூடிக்கொண்டே இடம் பிடிக்கப் பழகினேன்.

யேசு பிறந்த நத்தார் பண்டிகைக்கு, அண்ணனுக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் வந்தார்கள். அவன் பெருமையாகக் கிற்றாரை எடுத்தான். புள்ளியைப் பார்த்தே பழகியவனுக்கு விரல் எங்கெங்கோ போனது. வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"குனிஞ்சு பாக்காதை அண்ணை, தடவிப் பார்" என்றேன் சத்தமாக.

எல்லார் முன்னிலும் அறைந்தான். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. எனக்கு இன்றுவரை அதில் கவலையுமில்லை.

"ஏனப்பா முறைக்கிறாய்? புள்ளி இல்லாட்டி எப்பிடி இடம் தெரியும்?" என்றார் கணவர்.

"குசினிக்குள்ள கத்தி கிடக்கு," என்றேன். "எடுத்துக்கொண்டு வாங்கோ."